வோல்ட்டும் ஆம்பியரும் தெரிந்தால் ஓமும் வாட்டும் எப்படி வரும், எங்கே ஏமாற்றும்?

கேள்வி இதுதான்: 12 வோல்ட் பேட்டரியில் எரியும் ஒரு பழைய வகை இழை விளக்கு. எரியும்போது அதன் இரு முனைகளுக்கிடையே 12 வோல்ட், அதன் வழியே 1.75 ஆம்பியர் என்று அளந்திருக்கிறீர்கள். வகுத்தால் மின்தடை 6.86 ஓம் வருகிறது. ஆனால் விளக்கைக் கழற்றி, மல்டிமீட்டரை ஓம் பக்கம் திருப்பிப் பார்த்தால் 0.8 ஓம்தான் காட்டுகிறது. அந்த 0.8ஐ வைத்துத் திறனைக் கணக்கிட்டால் 180 வாட் வருகிறது, விளக்கின் மேலோ 21 வாட் என்று போட்டிருக்கிறது. தப்பு மீட்டரிலா, கணக்கிலா?

இரண்டிலும் இல்லை. இரண்டு வெவ்வேறு நிலைகளில் இருந்த விளக்கை ஒரே விளக்கு என்று எடுத்துக்கொண்டதுதான் சிக்கல்.

முதலில் சூத்திரத்தை முடித்துவிடலாம், அது சின்ன வேலை. மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்தால் மின்தடை; இரண்டையும் பெருக்கினால் திறன். 12 ÷ 1.75 = 6.86 ஓம். 12 × 1.75 = 21 வாட். விளக்கின் மேல் அச்சிட்டிருக்கும் எண்ணே வந்துவிட்டது. ஆக, எரியும்போது நீங்கள் எடுத்த அளவுகள் சரியானவை.

இந்த இரண்டு கணக்கும் பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் அவற்றின் பலம் ஒன்றல்ல. பெருக்கலை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கூலோம் மின்னூட்டம் ஒரு பொருளைக் கடக்கும்போது ஒரு ஜூல் ஆற்றலை அங்கே விட்டுவிட்டுப் போனால் அதை ஒரு வோல்ட் என்கிறோம். நொடிக்கு ஒரு கூலோம் ஓடினால் ஒரு ஆம்பியர். பெருக்கினால் நொடிக்கு எத்தனை ஜூல் என்பது கிடைக்கிறது, அதுதான் வாட். இதில் அந்தப் பொருள் கம்பியா, விளக்கா, மோட்டாரா, எல்இடியா என்ற பேச்சே வரவில்லை. அந்தக் கணத்து வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் அந்தக் கணத்துத் திறன் வரும், விதிவிலக்கே கிடையாது. வகுத்து வரும் மின்தடை அப்படிப்பட்டதல்ல. எண் என்னவோ எப்போதும் வரும். அந்த எண்ணை வேறொரு வோல்ட்டுக்கு, வேறொரு வெப்பநிலைக்கு எடுத்துப்போகலாமா என்பது பொருளைப் பொறுத்தது.

உங்கள் விளக்குக்கு வருவோம். இழை டங்ஸ்டனால் ஆனது. சூடாகச் சூடாக அதன் மின்தடை ஏறிக்கொண்டே போகும். மீட்டர் ஓம் அளக்கும்போது இழை வழியே அனுப்புவது மிகச் சிறிய மின்னோட்டம், அதில் இழை சூடாவதே இல்லை. எனவே அது சொல்வது அறை வெப்பநிலையில் உள்ள இழையின் மின்தடை. அப்புறம் இன்னொரு விஷயம்: மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்துப் பாருங்கள், பூஜ்யம் காட்டாது. 0.2, 0.3 ஓம் என்று ஏதாவது காட்டும். அது மீட்டர் வயர்களின் மின்தடை. உங்கள் மீட்டரில் அது 0.3 என்றால், விளக்கின் உண்மையான குளிர்நிலை மின்தடை 0.8 − 0.3 = 0.5 ஓம்.

இப்போது 6.86ஐ 0.5ஆல் வகுங்கள். கிட்டத்தட்ட 14 மடங்கு. டங்ஸ்டனின் மின்தடை இத்தனை மடங்கு உயர வேண்டுமென்றால் இழை ஏறக்குறைய 2300 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், வெள்ளையாக ஒளிரும் இழைக்கு அது பொருத்தமான வெப்பநிலைதான். பாருங்கள், முரண்பாடு என்று நினைத்த இரண்டு அளவுகளையும் சேர்த்தால் ஒரு வெப்பமானி கிடைத்துவிட்டது. இழை விளக்கின் வெப்பநிலையை இந்த வழியில் கண்டுபிடிப்பது ஆய்வகங்களில் வழக்கமாகச் செய்யும் சோதனைதான்.

0.5 ஓம் என்பது வெறும் ஏட்டுக் கணக்கும் அல்ல. சுவிட்சைப் போட்ட அந்தக் கணத்தில் இழை குளிர்ந்துதான் இருக்கிறது. 12 ÷ 0.5 = 24 ஆம்பியர். வயர்களின் மின்தடையும் பேட்டரியின் உள்மின்தடையும் கொஞ்சம் குறைத்தாலும், முதல் சில மில்லி நொடிகளில் வழக்கமான மின்னோட்டத்தைப் போல் பல மடங்கு பாயும். இழை சூடானதும் 1.75க்கு இறங்கிவிடும். இழை விளக்குகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே உயிரை விடுவதற்கு இந்தப் பாய்ச்சல் ஒரு முக்கியக் காரணம். ஆகவே உங்கள் 180 வாட்டும் முழுப் பொய்யில்லை. ஒரு கண்ணிமைப்புக்குள் வந்து போகிற உண்மை.

அதே விளக்குக்கு 6 வோல்ட் கொடுத்தால் என்ன ஆகும்? வோல்ட் பாதி, ஆகவே மின்னோட்டமும் பாதி, 0.875 ஆம்பியர் என்று சொல்லத் தோன்றும். அளந்தால் சுமார் 1.2 ஆம்பியர் இருக்கும். இழை அவ்வளவு சூடாகவில்லை, எனவே மின்தடை 5 ஓம் அளவுக்கு இறங்கியிருக்கும். 6.86 ஓமை வைத்துக் கணக்குப் போட்டால் 5.2 வாட், உண்மையில் 7 வாட்டுக்கு மேல்.

நிக்ரோம் கம்பி போட்ட ஹீட்டர் இப்படிப் படுத்தாது. செக்கச்சிவந்து எரியும்போதும் அதன் மின்தடை குளிர்நிலையைவிடப் பத்து சதவீதம்கூட உயராது. 230 வோல்ட், 2000 வாட் ஹீட்டரின் மின்தடை 230 × 230 ÷ 2000 = 26.45 ஓம் என்று கணக்கிட்டு, கழற்றி மீட்டரில் அளந்தால் அதை ஒட்டித்தான் காட்டும். தாமிரம் நடுவில் நிற்கும்: ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.39 சதவீதம் ஏறும். மோட்டார் சுருள் ஓடி ஓடி 50 டிகிரி சூடேறினால் மின்தடை ஐந்தில் ஒரு பங்கு கூடியிருக்கும்.

ஹீட்டரை எடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதே ஹீட்டருக்கு 230க்குப் பதில் 200 வோல்ட்தான் வருகிறது என்று வையுங்கள். மின்தடை மாறவில்லை, 26.45தான். 200 × 200 ÷ 26.45 = 1512 வாட். வோல்ட் குறைந்தது 13 சதவீதம், சூடு குறைந்தது 24 சதவீதம். வோல்ட் குறையும்போது ஆம்பியரும் சேர்ந்து குறைகிறது, திறன் இரண்டின் பெருக்கல், அதனால் இரட்டை அடி. அச்சிட்ட 2000 வாட்டை அப்படியே நம்பி 2000 ÷ 200 = 10 ஆம்பியர் என்று போட்டால் தப்பு; 7.56 ஆம்பியர்தான் ஓடும். பொருளின் மேல் போட்டிருக்கும் வாட் அதோடு அச்சிட்டிருக்கும் வோல்ட்டுக்கு மட்டுமே உரியது.

இங்கேதான் பலரும் முட்டிக்கொள்ளும் ஒரு புதிர் வருகிறது. திறனுக்கு மூன்று வடிவங்கள் உண்டு. மின்னழுத்தம் × மின்னோட்டம் ஒன்று. அதில் மின்னழுத்தத்தை நீக்கினால், மின்னோட்டத்தின் வர்க்கம் × மின்தடை. மின்னோட்டத்தை நீக்கினால், மின்னழுத்தத்தின் வர்க்கம் ÷ மின்தடை. இரண்டாவதைப் பார்த்தால் மின்தடை கூடினால் திறன் கூடும் என்கிறது. மூன்றாவதோ, கூடினால் குறையும் என்கிறது. எது உண்மை?

எது மாறாமல் நிற்கிறது என்று கேட்டுவிட்டால் புதிர் அவிழ்ந்துவிடும். மின்மூலத்துக்கு நேரடியாக இணைத்த ஹீட்டரில் வோல்ட் நிலையானது. அங்கே மின்தடை குறைந்தால் மின்னோட்டம் கூடும், சூடும் கூடும். அதே சுற்றில் ஹீட்டருக்குப் போகும் வயரை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் எவ்வளவு ஆம்பியர் ஓடும் என்பதை ஹீட்டர் தீர்மானிக்கிறது, வயர் அல்ல. வயருக்கு மின்னோட்டம் வெளியிலிருந்து விதிக்கப்பட்டது. எனவே வயரின் மின்தடை கூடினால் வயர் அதிகம் சூடாகும். தளர்ந்த பிளக், கருத்துப்போன சாக்கெட், அரைகுறையாக முறுக்கிய இணைப்பு எல்லாம் இந்த இரண்டாவது வகை. 8.7 ஆம்பியர் ஓடும் சுற்றில் ஒரு தளர்ந்த இணைப்பு 0.2 ஓம் மின்தடை கொடுத்தால், 8.7 × 8.7 × 0.2 = 15 வாட் அந்த ஒரு புள்ளியிலேயே வெப்பமாகும். 15 வாட் என்பது ஒரு சாதாரண சால்டரிங் அயர்னின் அளவு. பிளாஸ்டிக் உருகுவதில் என்ன அதிசயம்?

மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கும் வெப்பத்துக்கும் உள்ள இந்த உறவைச் சோதனையில் காட்டி 1841இல் வெளியிட்டவர் ஜேம்ஸ் பிரெஸ்காட் ஜூல். நெடுந்தொலைவுக்கு உயர் மின்னழுத்தத்தில் மின்சாரம் அனுப்புவதற்கும் இதுவே காரணம். 1 ஓம் மின்தடை உள்ள வழியில் 10 கிலோவாட் அனுப்ப வேண்டும் என்றால், 250 வோல்ட்டில் 40 ஆம்பியர் தேவை, வழியில் வீணாவது 1600 வாட். 1000 வோல்ட்டில் 10 ஆம்பியர் போதும், வீணாவது 100 வாட்.

அடுத்தது, "எந்த வோல்ட்?" என்ற கேள்வி. தப்பான விடைகளில் பாதி இங்கேதான் பிறக்கின்றன. வகுக்கும்போது நீங்கள் எடுக்கும் வோல்ட், எந்தப் பொருளின் மின்தடை வேண்டுமோ அதன் இரு முனைகளுக்கு இடையே உள்ள வோல்ட்டாக இருக்க வேண்டும். ஒரு சார்ஜிங் கேபிளில் 2 ஆம்பியர் ஓடுகிறது, தொடக்கத்தில் 5 வோல்ட், போன் முனையில் 4.5 வோல்ட் என்று வையுங்கள். கேபிளின் மின்தடை 5 ÷ 2 = 2.5 ஓம் அல்ல. கேபிளில் விழுந்தது 0.5 வோல்ட் மட்டும். 0.5 ÷ 2 = 0.25 ஓம், போக வர இரண்டு கம்பிக்கும் சேர்த்து. வீணாகும் திறன் 0.5 × 2 = 1 வாட். போனுக்குப் போய்ச் சேர்வது 4.5 × 2 = 9 வாட்.

இதோடு சேர்ந்தது, வோல்ட்டையும் ஆம்பியரையும் ஒரே நேரத்தில் அளப்பது. சும்மா இருக்கும் பேட்டரியை அளந்து, பிறகு சுமையை இணைத்து ஆம்பியரை அளந்து, இரண்டையும் வகுப்பவர்கள் நிறைய. 1.5 வோல்ட் காட்டிய செல், 0.5 ஆம்பியர் இழுத்ததும் 1.3க்கு இறங்கலாம். காணாமல் போன 0.2 வோல்ட் செல்லின் உள்மின்தடையில் விழுந்தது: 0.2 ÷ 0.5 = 0.4 ஓம். ஓம் அலகுக்குப் பெயர் தந்த கியோர்க் ஓமையே இந்தப் பேட்டரித் தொல்லை விட்டுவைக்கவில்லை. 1825இல் மின்கலங்களை வைத்து அவர் வெளியிட்ட முதல் முடிவு சரியான விதியாக அமையவில்லை, மின்கலங்களின் அழுத்தம் சோதனை நடக்கும்போதே ஆடிக்கொண்டிருந்தது. பிறகு போகென்டார்ஃப் என்ற இயற்பியலாளர் சொன்ன யோசனைப்படி பிஸ்மத்தும் தாமிரமும் சேர்ந்த வெப்ப இரட்டையை, அதாவது இரண்டு சந்திகளின் வெப்பநிலை வித்தியாசத்தால் வோல்ட் தரும் உலோக இணையை, மின்மூலமாக வைத்துக்கொண்டார். ஒரு சந்தி கொதிநீரில், மற்றது பனிக்கட்டியில். வெப்பநிலை வித்தியாசம் அசையாததால் வோல்ட்டும் அசையவில்லை. வெவ்வேறு நீளக் கம்பிகளை மாட்டி அளந்ததில் விதி தெளிவாக வெளிவந்தது. நூலாக வந்தது 1827இல். அவருடைய சமன்பாட்டில் கம்பியின் நீளத்தோடு, சுற்றின் மற்ற பகுதிக்கென்று ஒரு மாறிலியும் கூட்டப்பட்டிருந்தது. உள்மின்தடைக்கு அப்போதே ஓர் இடம் இருந்தது என்று சொல்லலாம்.

எல்இடியில் ஓமின் விதியை, அதாவது வோல்ட் ஏறும் அதே விகிதத்தில் மின்னோட்டமும் ஏறும் என்பதை, தேட வேண்டாம். 3 வோல்ட், 20 மில்லி ஆம்பியர் என்றால் 150 ஓம் என்று எண் வரும், ஆனால் அதை 150 ஓம் ரெசிஸ்டராக நினைத்து 1.5 வோல்ட்டில் 10 மில்லி ஆம்பியர் ஓடும் என்று எதிர்பார்த்தால் கிட்டத்தட்ட ஒன்றுமே ஓடாது. 3.5 வோல்ட் கொடுத்தால் எதிர்பாராத அளவு ஓடி எல்இடி கெட்டுப்போகலாம். அதனால்தான் தொடரில் ஒரு ரெசிஸ்டர். மூலம் 12 வோல்ட், எல்இடியில் 3 போக மீதி 9 வோல்ட் ரெசிஸ்டரில். 9 ÷ 0.02 = 450 ஓம், கடையில் கிடைக்கும் அடுத்த மதிப்பு 470. அதில் 19 மில்லி ஆம்பியர் ஓடும், ரெசிஸ்டரில் 0.17 வாட் வெப்பமாகும். கால் வாட் ரெசிஸ்டர் தாங்கும், ஆனால் தொட்டால் சுடும். நானாக இருந்தால் அரை வாட் போடுவேன். ரெசிஸ்டரின் வாட் மதிப்பு கணக்கில் வருவதைப் போல் இரண்டு மடங்காவது இருப்பது நல்லது. எல்இடியின் திறன் வேண்டுமென்றால் 3 × 0.019 = 0.057 வாட், இந்தப் பெருக்கலில் தகராறே இல்லை. மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் ரெசிஸ்டரில் வெப்பமாகப் போகிறது என்பதையும் கவனியுங்கள்.

இப்படிச் சிறிய எண்களோடு மல்லாடும்போது ஒரு குறுக்கு வழி: வோல்ட்டைக் கிலோ ஓமால் வகுத்தால் விடை நேரே மில்லி ஆம்பியரில் வரும், வோல்ட்டை மில்லி ஆம்பியரால் பெருக்கினால் மில்லி வாட்டில் வரும். 5 வோல்ட், 10 கிலோ ஓம் என்றால் 0.5 மில்லி ஆம்பியர், 2.5 மில்லி வாட். பூஜ்யங்களை எண்ணிக் கண் வலிக்க வேண்டியதில்லை.

மாறுதிசை மின்சாரத்தில் ஹீட்டர், இழை விளக்கு போன்றவற்றுக்கு மேலே சொன்ன எல்லாம் அப்படியே பொருந்தும். மீட்டர் காட்டும் 230 என்பது ஆர்எம்எஸ் மதிப்பு, அதாவது அதே வெப்பத்தைத் தரும் நேர்திசை வோல்ட்டுக்குச் சமமான எண். உச்சம் 325 வோல்ட் வரை போனாலும், வெப்பக் கணக்குக்கு 230தான் சரியான எண். மோட்டாரில் கதை வேறு. 230 வோல்ட், 4 ஆம்பியர் இழுக்கும் மோட்டாரில் பெருக்கினால் 920 வருகிறது. அது வாட் அல்ல, வோல்ட் ஆம்பியர். மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குப் பின்தங்கி வருவதால், ஒவ்வொரு சுழற்சியிலும் கொஞ்சம் ஆற்றல் போய்விட்டுத் திரும்பி வருகிறது. ஒவ்வொரு கணத்தையும் தனித்தனியே பெருக்கிச் சராசரி எடுத்தால் உண்மையான வாட் கிடைக்கும். அதைத்தான் வாட் மீட்டர் செய்கிறது. உண்மையான வாட்டுக்கும் வோல்ட் ஆம்பியருக்கும் உள்ள விகிதம்தான் திறன் காரணி; அது 0.75 என்றால் 690 வாட். 230 ÷ 4 = 57.5 ஓம் என்பதும் மோட்டாரின் மின்தடை அல்ல, மின்மறுப்பு (impedance), அதாவது மாறுதிசை மின்னோட்டத்துக்கு மோட்டார் காட்டும் மொத்தத் தடுப்பு. மோட்டாரை அணைத்து, இணைப்பைத் துண்டித்து, மீட்டரில் சுருளை அளந்தால் 5 ஓம் என்று ஏதாவது காட்டும். அந்த 5 ஓமுக்கும் ஒரு வேலை உண்டு: 4 × 4 × 5 = 80 வாட், சுருள் வெறுமனே சூடாவதில் போகும் பங்கு.

அளக்கும்போது சில விஷயங்களில் விளையாட்டு வேண்டாம். வோல்ட் அளக்கும்போது மீட்டர் பக்க இணைப்பில், ஆம்பியர் அளக்கும்போது சுற்றைத் துண்டித்துத் தொடர் இணைப்பில். ஆம்பியர் துளையில் வயரை மறந்து வைத்துவிட்டு வோல்ட் அளக்கப் போனால் அது நேரடி ஷார்ட் சர்க்யூட்; நல்ல மீட்டரில் ஃபியூஸ் போகும், மட்டமான மீட்டரில் கையில் வைத்திருக்கும் மீட்டரே போகும். ஓம் அளப்பது மின்சாரம் இல்லாத பொருளில் மட்டும், அதையும் சுற்றிலிருந்து ஒரு முனையாவது பிரித்து வைத்து. இல்லையென்றால் பக்கத்தில் இணைந்திருப்பவையும் சேர்ந்து விடை குறைவாகக் காட்டும். பெரிய மின்னோட்டத்துக்கு, சுற்றையே துண்டிக்கத் தேவையில்லாத கிளாம்ப் மீட்டர் நிம்மதி. வீட்டு மின்னழுத்தத்தில் பழக்கமில்லாதவர்கள் இதையெல்லாம் 12 வோல்ட்டிலேயே பழகிக்கொள்ளலாம், கணக்கு ஒன்றுதான்.

உங்கள் விளக்கின் 0.5 ஓமை மீட்டரின் ஓம் அளவை நம்பாமலேயே சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. 12 வோல்ட் பேட்டரி, 120 ஓம் ரெசிஸ்டர், விளக்கு மூன்றையும் தொடரில் இணையுங்கள். 120 ஓம் ஆதிக்கம் செலுத்துவதால் மின்னோட்டம் 0.1 ஆம்பியரை ஒட்டி நிற்கும். ரெசிஸ்டரில் 1.2 வாட் வெப்பமாகும், ஆகவே 3 வாட் ரெசிஸ்டர் போடுங்கள், கால் வாட் போட்டால் கருகிவிடும். இப்போது மீட்டரை மில்லி வோல்ட் பக்கம் திருப்பி, முனைகளை விளக்கின் உலோகப் பகுதிகளிலேயே நேராக அழுத்தி அளங்கள், ஹோல்டரின் வயரில் அல்ல. 50 மில்லி வோல்ட்டை ஒட்டி வரும். 0.05 ÷ 0.1 = 0.5 ஓம். வோல்ட் அளக்கும்போது மீட்டர் வயர்களில் மின்னோட்டம் ஓடுவதே இல்லை என்று சொல்லும் அளவுக்குக் குறைவு, அதனால் அந்த 0.3 ஓம் தொல்லை இங்கே கணக்கில் வராது. இழையில் செலவாவது 5 மில்லி வாட், அது ஒளிராது, சூடாகவும் செய்யாது.